உவர்மண் பூசிய மூக்காயி

பறவைகளும் விலங்குகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது நீர்க்காகத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. தண்ணீரில் அதற்கு வேலையும் கிடையாது. நெட்டைக்காக்கை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அத்திப்பழம், கம்பு, சோளம், இவைதான் அதன் தீனி. தாகம் எடுத்தால் கரையில் நின்று அலகை நனைத்துக்கொள்ளும். அதற்கு மேல் தண்ணீருக்குள் கால் வைக்காது.

எல்லாப் பறவைகளையும் போல அதற்கும் வாலடியில் ஓர் எண்ணெய்க் குமிழ் இருந்தது. காலையில் அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சிலுப்புச் சிலுப்பினால் போதும், உடம்பு காய்ந்துவிடும்.

அந்த இனத்தில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷன் சடையனும் கண்மாய்க்குள் நின்ற ஒரு கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

அந்த வருஷம் மழையே இல்லை. அத்திமரங்கள் காயை உதிர்த்துவிட்டன. காட்டில் விதைத்தது காட்டிலேயே கருகியது. கண்மாய் நடுவரைக்கும் வெடித்துக் கிடக்க, மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. துணி வெளுக்க வந்துகொண்டிருந்த மனிதர்கள்கூட வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நெட்டைக்காக்கைக் கூட்டம் மொத்தமும் மேற்கே மலையைப் பார்த்துக் கிளம்பியது. மூக்காயியின் குஞ்சுகளுக்கோ அப்போதுதான் மயிர் அரும்பிக்கொண்டிருந்தது. எப்படிப் பறக்கும்?

"நான் மட்டும் போயிட்டு வர்றேன்," என்றான் சடையன். "மலையடிவாரத்துல அத்தி இருக்கும். கொண்டுக்கிட்டு வந்துர்றேன். நீ கூட்டை விட்டு நகராத. மேல பருந்து சுத்துது, பார்த்தியா?"

மூக்காயி பார்த்தாள். உயரத்தில் ஒரு பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

சடையன் போனான். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூக்காயி கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து மேற்கே பார்ப்பாள், பிறகு மேலே பார்ப்பாள், பிறகு குஞ்சுகளைப் பார்ப்பாள். பெரிய குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. சின்னது முதலில் கத்தியது. பிறகு முனகியது. பிறகு சத்தமே இல்லை. கத்துகிற பிள்ளையைவிடக் கத்தாத பிள்ளையைத்தான் அவள் அடிக்கடி தொட்டுப் பார்த்தாள்.

பள்ளத்தின் ஓரத்தில் தவசி என்ற கொக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் குடும்பம் எதிர்க்கரையில் ஒரு புளியமரத்தில் இருந்தது. மூக்காயி படும் பாட்டை அவன் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அன்று ஒரு அயிரை மீனை அலகில் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் போட்டான்.

"எங்க பிள்ளைக மீனு திங்காதுகளே, அண்ணே," என்றாள் மூக்காயி.

"பசிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாதும்மா. குடுத்துப் பாரு."

மூக்காயி அதைக் கிழித்துச் சின்னக் குஞ்சின் வாயில் வைத்தாள். அது விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

மூக்காயிக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னும் ஒண்ணு குடுக்க முடியுமா, அண்ணே?"

தவசி கழுத்தைச் சுருக்கிக்கொண்டான். "எங்க வீட்டுலயும் நாலு வாய் இருக்கு. தண்ணி வத்த வத்த மீனெல்லாம் ஆழத்துக்குப் போகுது. எனக்கே கிடைக்க மாட்டேங்குது. வேணும்னா எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லித் தர்றேன். வா."

அவள் குஞ்சுகள்மேல் இலைதழையைப் போட்டு மூடிவிட்டு இறங்கினாள்.

"முட்டளவு தண்ணியில நில்லு," என்றான் தவசி. "அசையாத. மீனு தானா வரும். உன் காலை ஒரு குச்சின்னு அது நினைக்கணும். அதுவரைக்கும் நில்லு."

மூக்காயியின் கால் குட்டை. தவசிக்கு முட்டளவு தண்ணீர் அவளுக்கு வயிற்றைத் தொட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அசையாமல் நிற்பதுதான் அவளால் ஆகவில்லை. கூட்டுப்பக்கம் ஓர் இலை சலசலத்தால் திரும்பினாள். தண்ணீரில் ஒரு நிழல் ஓடினால் பருந்தோ என்று நிமிர்ந்தாள். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் காலடியில் நெருங்கி வந்த மீன் கலைந்து ஓடியது.

"மறுபடியும் திரும்பிட்ட," என்றான் தவசி.

"என் பிள்ளைக அங்க இருக்குதுக, அண்ணே."

"என் பிள்ளைகளும்தான் அங்க இருக்குதுக. அதுகளுக்கு அவுக அம்மா துணைக்கு இருக்கா," என்று சொன்னவன், கருவேல மரத்துக் கூட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "உன்மேல தப்பில்ல. ஒத்தையில இருக்குறவளுக்கு இந்த வேலை ஆகாது. பேச்சியைக் கேட்டுப் பாரு. அவ வேலை வேகமான வேலை."

பேச்சி என்பவள் மீன்கொத்தி. மடைச் சுவரில் பொந்து குடைந்து அதில் குஞ்சுகளை வைத்திருந்தாள். வாய் ஓயாதவள். ஒரு கெண்டைக்குஞ்சைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே மூக்காயி சொன்னதைக் கேட்டாள்.

"நிக்கிறதாவது ஒண்ணாவது! அந்தாளுக்கு வேற வேலை இல்ல. நீ இப்படி வா, மதினி. இந்தக் குச்சிமேல உட்காரு. கீழ பாரு. மீனு தெரியுதா? தெரிஞ்ச இடத்துல விழாத. அதுக்குக் கொஞ்சம் முன்னால விழு. தலை முதல்ல போகணும், கண்ணை மூடிக்க, விழு! விழுந்த வேகத்துல எந்திரி. அவ்வளவுதான், இதுக்கு எதுக்குப் பாடம்?"

மூக்காயி விழுந்தாள். தண்ணீர் பளாரென்று நெஞ்சில் அறைந்தது. தலை மட்டும் கொஞ்சம் உள்ளே போயிற்று. அடுத்த நொடி காய்ந்த தேங்காய் நெற்றைப் போல உடம்பு மேலே வந்து மிதந்தது.

"இன்னும் உசரத்துல இருந்து விழு, மதினி!"

உயரத்திலிருந்து விழுந்தாள். இன்னும் பலமாக அடிபட்டது. மறுபடியும் மிதந்தாள். கீழே, அலகுக்கு எட்டாத ஆழத்தில், மீன்கள் கூட்டமாக நகர்வது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு மீன்! எட்டவில்லை. நெஞ்சு கன்றிச் சிவக்கும்வரை விழுந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள், தண்ணீரெல்லாம் உருண்டு ஓடிவிட்டது. கூட்டுக்குப் பறந்து போய் இலையை விலக்கிப் பார்த்தாள். சின்னக் குஞ்சு மறுபடியும் கண்ணை மூடியிருந்தது. தொட்டால் மட்டும் லேசாக அசைந்தது.

அவள் திரும்பி வந்தபோது, தண்ணீருக்கு நடுவே வழுவழுப்பான ஒரு தலை எழும்பி நின்றது. மீசையில் தண்ணீர் சொட்டியது. இருளாண்டி என்ற நீர்நாய் அவன். ஆற்றுப்பக்கம் வற்றிப்போனதால் குடும்பத்தோடு இந்தப் பள்ளத்துக்கு வந்திருந்தான்.

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், தாயி," என்றான். "நீ படகாட்டம் மிதக்கிற. மீனு கீழ இருக்கு. நீ முங்கணும்."

"முங்கத்தானே விழுறேன்! உடம்பு உள்ள போக மாட்டேங்குதே."

"எப்படிப் போகும்? இறகெல்லாம் எண்ணெய். இறகுக்குள்ள காத்து அடைஞ்சு கிடக்கு. எண்ணெய் போனாத் தண்ணி உள்ள இறங்கும். தண்ணி இறங்கினா நீ கல்லாட்டம் போவ. கீழ போயிட்டா நான் நீந்துற மாதிரி நீந்து. காலைப் பின்னால உதை, கழுத்தை முன்னால நீட்டு, மீனை விரட்டிப் பிடி. எட்டி ஓடுற மீனையும் பிடிச்சிரலாம்."

"எண்ணெய் எப்படிப் போகும்?"

இருளாண்டி கரையைக் காட்டினான். துணி வெளுக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உவர்மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எவ்வளவு பிசுக்கான துணியாக இருந்தாலும் அந்த மண்ணைப் போட்டுத்தான் மனிதர்கள் வெளுப்பாக்குவார்கள்.

"அதைத் தேய்ச்சா இறகுல இருக்குற எண்ணெய் போயிரும். ஆனா வாலடியில ஊறிக்கிட்டே இருக்குமே, அந்தக் குமிழையும் சேர்த்துத் தேய்க்கணும். இல்லாட்டி நாளைக்கே திரும்பப் படிஞ்சிரும்."

இதைக் கேட்டதும் தவசி தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஏய், வேணாம்மா! அதை மட்டும் செய்யாத. குமிழைத் தேய்ச்சுட்டா அப்புறம் எண்ணெய் ஊறாது. மழை வந்தா என்ன செய்வ? தோலு வரைக்கும் நனைஞ்சு போவியே!"

"மழை வந்தாத்தானே?" என்றாள் பேச்சி மேலிருந்து. ஆனால் அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மூக்காயி நீர்நாயைப் பார்த்தாள். "தேய்ச்சா அப்புறம் எண்ணெய் திரும்ப வருமா?"

"தெரியாது, தாயி," என்றான் இருளாண்டி. "எனக்கு இறகே கிடையாது. முங்கத் தெரியும், பிடிக்கத் தெரியும். அதைத்தான் சொல்லித் தர முடியும்."

அவள் மேற்கே பார்த்தாள். மலைப்பக்கம் வானம் வெறுமையாகக் கிடந்தது. சடையன் வந்தால் இந்த வேலையே வேண்டாம். இப்போதே, இந்த நிமிஷமே ஒரு கருப்புப் புள்ளி தெரிந்துவிடாதா என்று பார்த்தாள். தெரியவில்லை. கூட்டிலிருந்து பெரிய குஞ்சின் குரல் மட்டும் கேட்டது. இரண்டு குரல் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கேட்டது.

மூக்காயி கரையேறினாள். உவர்மண்ணில் உருண்டாள். நெஞ்சில், முதுகில், இறக்கையின் உட்புறத்தில், ஒவ்வொரு இறகாக எடுத்து அலகால் மண்ணைத் தேய்த்தாள். கண் எரிந்தது. பிறகு வாலைத் திருப்பிக் குமிழின்மேல் ஒரு வாய் மண்ணை வைத்து, பல்லிருந்தால் பல்லைக் கடித்திருப்பாள், அழுத்தித் தேய்த்தாள். நெருப்புப் பட்டது போல எரிந்தது. தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு அவள் தண்ணீரில் இறங்கினாள். இறங்கியதும் இறகுக்குள்ளெல்லாம் குளிர்ச்சி நுழைந்தது. இதுவரை தண்ணீர் அவள் தோலைத் தொட்டதே இல்லை. பயத்தில் ஒரு கணம் கத்தப் போனாள். அதற்குள் மூழ்கிவிட்டாள்.

கீழே பச்சையாக, மங்கலாக இருந்தது. இருளாண்டி பக்கத்தில் வந்து காலை உதைத்துக் காட்டினான். அவளும் உதைத்தாள். உடம்பு முன்னால் பாய்ந்தது. ஒரு கெண்டை திரும்பி ஓடியது. விரட்டினாள். அது வளைந்தது, அவளும் வளைந்தாள். கழுத்தை நீட்டினாள். அலகுக்குள் அது துடித்தது.

அவள் மேலே வந்தபோது பேச்சி கூத்தாடினாள். "பிடிச்சுட்டா! மதினி பிடிச்சுட்டா!"

மூக்காயி மீனோடு கரையில் ஏறி, கூட்டைப் பார்த்து இறக்கையை அடித்தாள். எழும்ப முடியவில்லை. இன்னும் பலமாக அடித்தாள். தண்ணீரில் நனைத்த கோணிச் சாக்கைத் தோளில் கட்டியது போல இறக்கை கனத்தது. ஓடிப் பார்த்தாள். குதித்துப் பார்த்தாள். சிலுப்பினாள். தண்ணீர் உருண்டு ஓடவில்லை. இறகோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் ஒரு நிழல் மணல்மேல் ஓடியது. பருந்து உயரத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னைப் பறக்க வைங்க! யாராவது என்னைப் பறக்க வைங்க!" என்று அலறினாள். அலறியதில் மீன் வாயிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். பறக்க முடியாது, நடக்கலாம். நடந்து போய்க் கருவேல மரத்தின் அடியைச் சேர்ந்தாள். மரத்தில் ஏற நகம் மட்டும் போதவில்லை. அலகாலும் பட்டையைக் கவ்வ வேண்டியிருந்தது. அலகில் மீன் இருந்தது. கீழே வைத்துவிட்டுப் போனால் எறும்பு மொய்க்கும், நரி எடுக்கும். வேறு வழி தெரியாமல் மீனை விழுங்கிவிட்டாள்.

பிள்ளைக்கென்று பிடித்ததைத் தானே தின்றுவிட்டாளே! அழுதுகொண்டே ஏறினாள். முள் நெஞ்சைக் கிழித்தது. வழுக்கினாள், கவ்வினாள், மறுபடியும் ஏறினாள்.

தவசி பறந்து வந்து பருந்தின் குறுக்கே விழுந்தான். சண்டை தெரியாதவன், நீண்ட காலும் கழுத்துமாக வழியை மறித்துத் தடுமாறினான். பேச்சி அம்புபோல வந்து பருந்தின் தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பினாள். பருந்து கொஞ்சம் விலகி, வளைந்து, மறுபடியும் இறங்கியது.

அதற்குள் மூக்காயி கிளையை எட்டிவிட்டாள். கூட்டின்மேல் நின்று இரண்டு இறக்கைகளையும் முழுக்க விரித்தாள். கீழே இருந்த குஞ்சுகள் பருந்துக்குத் தெரியவில்லை. கருப்பாக, அகலமாக, முள்முள்ளாகச் சிலிர்த்து நிற்கும் ஏதோ ஒன்றுதான் தெரிந்தது. அலகைத் திறந்து, தனக்கே அடையாளம் தெரியாத ஒரு கரகரத்த குரலில் அவள் கத்தினாள். பருந்து நகத்தை நீட்டி வந்தது. பிறகு என்ன நினைத்ததோ, நகத்தை மடக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.

அது போனபிறகும் மூக்காயி இறக்கையை மடக்கவில்லை. மடக்கினால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். இறகிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குஞ்சுகள்மேல் விழுந்தது. அந்த ஈரத்தில் சின்னக் குஞ்சு தலையைத் தூக்கியது. அம்மாவின் வாயில் மீன்வாசம் அடித்ததோ என்னவோ, எட்டி அலகைத் தட்டியது. அவள் வாயைத் திறந்தாள். குஞ்சு தலையை அவள் தொண்டைக்குள் நுழைத்தது. விழுங்கியிருந்த மீன் மெல்ல மேலேறி வந்தது. சின்னது தின்றது. பெரியது இடித்துக்கொண்டு தின்றது. மூக்காயி மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய, இறக்கை விரித்தபடி நின்றாள்.

வெயில் ஏற ஏற இறகு காய்ந்தது. காய்ந்ததும் பறக்க முடிந்தது. மறுபடியும் போனாள். முங்கினாள், பிடித்தாள். திரும்பவும் நனைந்த சாக்காகக் கரையேறினாள்.

இருளாண்டி அவளைப் பார்க்கவே கூசினான். "என்னை மன்னிச்சுரு, தாயி. கீழ போறதுக்குத்தான் வழி சொன்னேன். மேல போகணுமேன்னு எனக்குத் தோணவே இல்ல. நான் பறக்கிற ஆளு இல்லையே."

"பிள்ளை கண்ணு முழிச்சிருச்சு, அண்ணே," என்றாள் மூக்காயி. இறக்கையை விரித்து வெயிலுக்குக் காட்டினாள்.

சடையன் வந்தது அதற்கும் பல நாள் கழித்து. மலையடிவாரத்து அத்தியும் கருகியிருந்ததால் மலையைத் தாண்டிப் போயிருக்கிறான். வதங்கிய ஒரு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு, எலும்பும் தோலுமாக வந்தான். தூரத்திலிருந்து மரத்தைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே போய்விட்டது. யாரோ தன் பெண்டாட்டியைக் கொன்று இறக்கையை இழுத்து விரித்துக் கிளையில் கட்டி வைத்தது போல இருந்தது. பழம் கீழே விழுந்தது. "மூக்காயி!" என்று கத்திக்கொண்டு வந்து விழுந்தான்.

"கத்தாதீக. காயப்போட்டிருக்கேன்," என்றாள் அவள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். சடையன் அவள் இறகைத் தொட்டுப் பார்த்தான். பழைய மினுமினுப்பு இல்லை. வாலடியைப் பார்த்தான். குமிழ் வற்றிச் சுருங்கிக் கிடந்தது.

"எனக்கும் தேய்ச்சு விடு," என்றான்.

"வேணாம். நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது மழையில நனையாம இருக்கணும்."

"நீ நனையுறப்ப நான் மட்டும் காய்ஞ்சு நின்னு என்ன செய்யப் போறேன்? ரெண்டு பேரும் மாறி மாறி முங்கலாம். ஒருத்தர் முங்குறப்ப இன்னொருத்தர் கூட்டுல இருக்கலாம்ல."

அவள் கூட்டில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அவனைத் துணி வெளுக்கிற கல்லுக்கு அழைத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை காலை எப்படி உதைப்பது, கரையேறியதும் எங்கே நிற்பது, பறக்க எவ்வளவு நேரம் பொறுப்பது, எல்லாவற்றையும் மண்ணைத் தேய்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

கடைசியில் மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. மற்றப் பறவைகளெல்லாம் கிளைகளில் உட்கார்ந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டன. மூக்காயியும் சடையனும் தோல்வரை நனைந்து, பிள்ளைகளை நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு நடுங்கினார்கள். அந்த ராத்திரி பிழைப்போமா என்று இருவருக்குமே தெரியவில்லை. விடிந்தபோது நாலு பேருக்கும் உயிர் இருந்தது.

மலைக்குப் போன கூட்டம் திரும்பி வந்து கூப்பிட்டது. "அத்தி பழுக்கப் போகுது, எங்ககூட வந்துருங்க," என்றார்கள். போகத்தான் ஆசை. ஆனால் தூறல் விழுந்தால் பறக்க முடியாத உடம்பை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு எப்படிப் போவது? பிள்ளைகளுக்கு முளைத்த இறகும் அப்படியே, தண்ணீர் பட்டால் குடிப்பதாக இருந்தது. மீன் தின்று வளர்ந்த அதுகள் பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக நீர்க்காகமாப் போச்சுக," என்று சொல்லிக்கொண்டே பறந்து போயிற்று.

தவசி மட்டும் புளியமரத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அந்தக் கருவேல மரத்துக்கு வந்து சேர்ந்தான். "நீங்க நனைஞ்சு நிக்கிற நேரத்துல மேல பார்த்துக்கிட ஒரு ஆள் வேணுமில்ல," என்றான்.

கொக்கும் நீர்க்காகமும் ஒரே மரத்தில் கூடு கட்டுவது அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான். நீர்க்காகக் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டுத் தின்பதும், முங்கி எழுந்த நீர்க்காகம் வெயிலில் இரண்டு இறக்கையையும் விரித்து நிற்பதும் அன்று வந்ததுதான். அப்படி நிற்கும்போது உடம்பு அசையாது. கழுத்து மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, இறகு காய்கிறவரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.